தாத்தா பாட்டி போட்ட வழக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. ஒரு குழந்தையைப் பார்த்துப் பழக அனுமதி வேண்டும் என்று யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கோர்ட்டில் மனுப் போடலாம். அது குழந்தையின் நலனுக்கு உதவும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் உத்தரவு போடலாம். உறவுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட அதில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்த சட்டத்தை வேறெங்கும் படித்ததில்லை. (வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகை இருக்கும் ஊரை நினைத்துவிட வேண்டாம். இது வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரம் இருக்கும் மாநிலம். நம் தெருப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க் குடியேறியிருக்கும் இடம்.)

அந்த வாசல் வழியாக உள்ளே போன ஒரு தாத்தா பாட்டியின் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ட்ராக்ஸல் எதிர் கிரான்வில் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகுதான் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தேன். ஒரு சின்னக் குடும்பச் சண்டை எப்படி ஒரு நாட்டின் சட்டத்தையே புரட்டிப் போட்டது என்று அதில் தெரிகிறது. நாமெல்லாம் பேரன் பேத்தி எடுத்த வயதில் இருப்பவர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கதை இதுதான். ட்ராக்ஸல் தம்பதியின் மகனும் கிரான்வில் என்ற பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளாமலே சேர்ந்து வாழ்ந்தவர்கள். இரண்டு பெண் குழந்தைகள். 1991 ஜூனில் இருவரும் பிரிந்தார்கள். மகன் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டார். வார இறுதிகளில் குழந்தைகளை அங்கே அழைத்து வருவார். இப்படி இரண்டு வருஷம். 1993 மே மாதம் மகன் இறந்துவிட்டார்.

அதன் பிறகும் சில மாதங்கள் பேத்திகள் வழக்கம்போல வந்து போனார்கள். அக்டோபரில் தாய், இனி மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம் வந்து போனால் போதும் என்று சொன்னார். இரண்டே மாதத்தில், டிசம்பரில், தாத்தா பாட்டி கோர்ட் படி ஏறினார்கள். மாதம் இரண்டு வார இறுதிகள் ராத்திரி தங்கலுடன், கோடையில் இரண்டு வாரம் என்று கேட்டார்கள். தாய் சொன்னது: மாதம் ஒரு பகல், ராத்திரி தங்கல் வேண்டாம்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாய் ஒருபோதும் முழுசாக மறுக்கவே இல்லை. முகத்தில் விழிக்காதே என்று சொல்லவில்லை. வித்தியாசம் சில நாட்கள், சில ராத்திரிகள். நம் ஊராக இருந்தால் ஒரு பெரியப்பாவோ, தாய்மாமாவோ திண்ணையில் உட்கார்ந்து, "சரிம்மா, மாசம் ரெண்டு நாள் அனுப்பு, ஸ்கூல் லீவுல ஒரு வாரம் இருக்கட்டும்" என்று முடித்திருப்பார். அங்கே அது ஆறரை வருஷம் ஓடியது.

அந்தக் காலத்துக்கு முன்னால் தாத்தா பாட்டிக்கு இப்படி ஒரு உரிமை இருந்ததா என்றால், இங்கிலாந்து வழிவந்த பொதுச் சட்டத்தில் கிடையாது. குழந்தை பெற்றோரின் பொறுப்பு. பெற்றோர் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. அமெரிக்காவில் இதற்கு ஆதி வழக்காகச் சொல்லப்படுவது லூசியானா மாநிலத்தில் 1894இல் வந்த தீர்ப்பு. பேரப்பிள்ளைகளைப் பாட்டிக்குக் காட்ட வேண்டியது தார்மீகக் கடமைதான், சட்டக் கடமை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதி உத்தரவு போட்டால் பெற்றோரின் அதிகாரம் குறையும், குழந்தை இரண்டு பக்கமும் இழுபடும் என்பதெல்லாம் இந்த மாதிரி வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் அடுக்கிய காரணங்கள். அடுத்த எழுபது வருஷம் பெரும்பாலும் இதே பாட்டுத்தான்.

வேடிக்கை என்னவென்றால் லூசியானா பழைய பிரெஞ்சுக் காலனி. அதன் சிவில் சட்டம் பிரெஞ்சு வழி வந்தது. அதே பிரான்ஸில் 1857 ஜூலையிலேயே அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர் எதிராகச் சொல்லியிருந்தது. தக்க காரணம் இல்லாமல் தகப்பன் தன் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடமிருந்து அடியோடு பிரித்துவைக்க முடியாது என்று. நெப்போலியன் எழுதிவைத்த சட்டத்தில் தகப்பனுக்குக் கொடுத்திருந்த அதிகாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. அப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் இந்தத் தீர்ப்பு வந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1970இல் பிரான்ஸ் இதைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றிவிட்டது.

அமெரிக்காவில் காற்று மாறத் தொடங்கியது 1960களில். நியூயார்க் மாநிலம் 1966இல், பெற்றோரில் ஒருவர் இறந்துபோனால் தாத்தா பாட்டி கோர்ட்டில் கேட்கலாம் என்று சட்டம் போட்டது. பிறகு விவாகரத்து பெருகியது. கலிபோர்னியாவில் 1970 முதல், யார் பேரில் குற்றம் என்று நிரூபிக்காமலே விவாகரத்து வாங்கலாம் என்று ஆயிற்று. மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. மகனும் மருமகளும் பிரிந்தால் குழந்தை பெரும்பாலும் தாயோடு போகும். தகப்பன் வழித் தாத்தா பாட்டிக்கு வாசல் அடைபடும். இன்னொரு பக்கம், அந்த நாட்டில் முதியவர்கள் ஓட்டுப் போடத் தவறாதவர்கள், ஓய்வு பெற்றவர்களுக்குப் பெரிய பெரிய சங்கங்கள் உண்டு. இவர்கள் கேட்டால் எந்த எம்.எல்.ஏ. இல்லை என்பார்? தாத்தா பாட்டிக்கு எதிராக ஓட்டுப் போட்டேன் என்று தொகுதிக்குள் போய்ச் சொல்ல முடியுமா? 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தேசியத் தாத்தா பாட்டி தினம் ஒன்றையே அறிவித்தார். செப்டம்பரில், தொழிலாளர் தினத்துக்கு அடுத்த ஞாயிறு. 1982இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதற்காகவே விசாரணை நடத்தியது. நூற்றாண்டு முடிவதற்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சட்டம் வந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் அகலவாசல் சட்டமும் அந்த வரிசையில் ஒன்று.

இனி ட்ராக்ஸல் வழக்கின் விசாரணைக்குத் திரும்பலாம். 1995இல் கீழ்க்கோர்ட் நீதிபதி நடுவில் ஒரு கோடு போட்டார். மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பிறந்தநாளுக்கும் பாட்டி பிறந்தநாளுக்கும் நாலு நாலு மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் காரணம் சொன்ன விதம்தான் பின்னால் வினையாயிற்று. தானும் சின்ன வயதில் இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வீட்டிலும் ஒவ்வொரு வாரம் போய்த் தங்கியதாகவும், அது சந்தோஷமாக இருந்ததாகவும், இந்தக் குடும்பத்திலும் அப்படி அமையலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நீதிபதியின் பால்ய நினைவு ஒரு தாயின் முடிவுக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

தாய் மேல்முறையீடு செய்தார். இதற்கிடையில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று; 1996 பிப்ரவரியில் புதுக் கணவர் இரண்டு பெண்களையும் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட் உத்தரவை ரத்து செய்தது. 1998இல் மாநில உச்ச நீதிமன்றமும் தாய் பக்கமே நின்றது. குழந்தைக்குக் கெடுதல் நேரும் என்று காட்டாமல் பெற்றோர் முடிவில் அரசு தலையிட முடியாது, யாரும் எப்போதும் மனுப் போடலாம் என்பது ரொம்ப அகலம் என்றது. தாத்தா பாட்டி விடவில்லை. 2000 ஜனவரி 12ஆம் தேதி வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதத்துக்கு வந்தது. ஜூன் 5ஆம் தேதி தீர்ப்பு. ஒன்பது பேரில் ஆறு பேர் தாய் பக்கம்.

முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அப்போது வயது 70. அவரே ஒரு பாட்டி. இன்றைக்குச் சராசரி அமெரிக்கக் குடும்பம் என்று ஒன்றைச் சொல்வதே கஷ்டம் என்று தொடங்குகிறார். 1998இல் சுமார் 40 லட்சம் குழந்தைகள், அதாவது 18 வயதுக்குட்பட்டவர்களில் 5.6 சதவீதம், தாத்தா பாட்டி வீட்டில்தான் வளர்ந்தார்கள் என்று கணக்கும் தருகிறார். தாத்தா பாட்டியின் அருமை தெரியாதவர் எழுதிய தீர்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அவர் பார்த்த கேள்வி வேறு. இந்தத் தாய் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. அப்படியென்றால் தன் பிள்ளைக்கு எது நல்லது என்று அவர் எடுத்த முடிவுக்கு ஒரு தனி எடை இருக்க வேண்டும். கீழ்க்கோர்ட் நீதிபதி அந்த எடையைக் கொடுக்கவே இல்லை. கெடுதல் வரும் என்று தாய் நிரூபிக்காதவரை தாத்தா பாட்டி கேட்டது நியாயம் என்று அவர் தலைகீழாக ஆரம்பித்தார் என்கிறார் ஓ'கானர். தாய் ஓரளவு சந்திப்புக்குச் சம்மதித்திருந்தார் என்பதையும் கீழ்க்கோர்ட் கணக்கில் எடுக்கவில்லை என்று குறிப்பிடுகிறார். தாத்தா பாட்டிக்குச் சட்டம் போடுவதே தப்பு என்று அவர் சொல்லவில்லை. குழந்தைக்குக் கெடுதல் நேரும் என்று காட்டித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியையும் தொடாமல் விட்டுவிட்டார்.

ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து ஆறு தீர்ப்பு எழுதினார்கள். அதிலேயே விஷயத்தின் சிக்கல் தெரிகிறது. மாற்றுக் கருத்து எழுதிய மூவரில் எனக்குப் பிடித்தது ஸ்டீவன்ஸ். அவருக்கு அப்போது 80 வயது. பெற்றோர் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று மட்டும் பார்க்கிறீர்களே, நடுவில் குழந்தை என்று ஒரு ஜீவன் இருக்கிறதே, அதற்கென்று உறவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை இருக்காதா என்பது அவர் கேள்வி. ஸ்காலியா இன்னொரு வகை. பெற்றோர் உரிமை பெரியதுதான், ஆனால் அரசியல் சாசனத்தில் எழுதாத உரிமையை வைத்து மாநிலச் சட்டத்தை அடிக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றார். கென்னடி வழக்கைத் திருப்பி அனுப்பினால் போதும் என்றார். இப்படிப்பட்ட வழக்கை நடத்துவதே ஒரு குடும்பத்தைக் குலைத்துவிடும் என்றும் எழுதினார். இந்தக் கடைசிக் கருத்தை ஓ'கானரும் எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்கிறார்.

என்னைக் கேட்டால் ஓ'கானர் சொன்னது சரி. தாத்தாவாகிய எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லைதான். ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்குக் காய்ச்சலில் குழந்தை அழுதால் எழுந்திருப்பது அந்தத் தாய். அவளிடம் தப்பு ஒன்றும் இல்லாதபோது, நாங்கள் வளர்ந்த காலத்தில் இப்படித்தான் என்று ஒரு மூன்றாம் மனிதர் உத்தரவு போடுவது நியாயமாகத் தெரியவில்லை. அதே சமயம், பிள்ளையைப் பறிகொடுத்த ஏழு மாதத்தில் கோர்ட்டுக்கு ஓடிய அந்தத் தாத்தா பாட்டியையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அந்தக் குழந்தைகள் முகத்தில் யார் தெரிந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த குடும்ப நீதிமன்றத்தில் ஒரு காட்சி பல தடவை பார்த்திருக்கிறேன். விசிட்டேஷன் ஆர்டர் தகப்பன் பெயரில் இருக்கும். தகப்பன் பிஸ்கட் பாக்கெட்டோடு உள்ளே போய்க் குழந்தையிடம் உட்கார்ந்திருப்பார். கூட வந்த அவருடைய அம்மா வராந்தாவிலேயே நிற்பார். ஆர்டரில் அவர் பெயர் இல்லை. தாய் பக்கம் ஆட்சேபித்தால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அதற்கு எந்தச் செக்‌ஷனும் கிடையாது.

நம் நாட்டுச் சட்டத்தில் உண்மையாகவே கிடையாது. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனைப் பார் என்கிறது. 1956ஆம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம் இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்கிறது. தாத்தா பாட்டிக்குப் பேரக்குழந்தையைப் பார்க்கும் உரிமை என்று தனியே ஒரு வரி இல்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதிகள் குழந்தை நலன் என்ற குடையின் கீழ்க் கொடுப்பதுதான். கோவிட்டில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த ஒரு குழந்தையை 2022இல் நம் உச்ச நீதிமன்றம், சித்தி முறைப் பெண்ணுக்குப் பதிலாகத் தகப்பன் வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. வயதாகிவிட்டது என்பதை ஒரு குறையாக எடுக்க முடியாது என்றது. அது வளர்ப்பதற்கான உரிமை. பெற்றவர் உயிரோடு இருந்து, காட்ட மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. சட்ட ஆணையம் 2015இல் கொடுத்த 257ஆவது அறிக்கையில் தாத்தா பாட்டியோடு குழந்தை இருக்கும் நேரத்துக்கும் இடம் ஒதுக்கச் சொன்னார்கள். அறிக்கை அறிக்கையாக இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ற சொல்லுக்குப் பேரன், பேத்தியையும் சேர்த்துத்தான் பொருள் சொல்லியிருக்கிறார்கள், மைனர் தவிர. பேரன் மேஜர் ஆனதும் தாத்தா அவனிடம் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாம். அவன் அஞ்சு வயதில் தத்தித் தத்தி ஓடும்போது பார்க்க மட்டும் மனுப் போட ஒரு செக்‌ஷன் இல்லை.

வெளிநாடுகளில் ட்ராக்ஸல் தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1989ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டப்படி, தாத்தா பாட்டி பொதுவாக மனுப் போடுவதற்கே முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். 2011இல் ஒரு ஆய்வுக் குழு இதை மறுபடி யோசித்து, அனுமதி முறை இருக்கட்டும் என்றே சொன்னது. பிரான்ஸ் 2002இல் தன் சட்டத்தைத் திருப்பி எழுதியது. தாத்தா பாட்டிக்குப் பேரனைப் பார்க்கும் உரிமை என்றிருந்ததை, குழந்தைக்குத் தன் முன்னோரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை என்று மாற்றினார்கள். ஸ்டீவன்ஸ் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். பல்கேரியாவில் இருந்த ஒரு பாட்டி, கிரேக்க நாட்டில் தகப்பனோடு வளரும் பேரனைப் பார்க்க வழக்குப் போட்டார். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் குழந்தையைச் சந்திக்கும் உரிமை என்றால் தாத்தா பாட்டியின் சந்திப்பும் அதில் அடக்கம் என்று 2018இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வழக்குகளைப் பொதுவாகக் குழந்தை வழக்கமாக வசிக்கும் நாட்டு நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பதால், பாட்டி கிரேக்க நாட்டில்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு மாதிரி ஆயிற்று. இல்லினாய் மாநிலத்தின் சட்டம் 2002இல் செல்லாது என்றானது. பிறகு வேறு எழுதினார்கள். நியூயார்க்கின் பழைய சட்டம் 2007இல் தப்பிப் பிழைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் மிச்சமிருந்த பிரிவும் 2005இல் போயிற்று. அதற்கப்புறம் பல வருஷம் அங்கே தாத்தா பாட்டிக்கு ஒன்றுமே இல்லை. 2018இல்தான் புதுச் சட்டம். இப்போது உறவினர் மட்டுமே கேட்கலாம். குழந்தையோடு ஏற்கெனவே நெருங்கிய பழக்கம் இருந்திருக்க வேண்டும். பார்க்க விடாவிட்டால் குழந்தைக்குக் கெடுதல் நேரலாம் என்று வலுவான சாட்சியத்தோடு காட்ட வேண்டும். பெற்றோர் கேட்டால், விசாரணைக்கு முன்பாகவே அவர்களுடைய வக்கீல் செலவையும் மனுப் போட்ட தாத்தா பாட்டியே கட்ட வேண்டும், அது அநியாயம் என்று நீதிபதி நினைத்தால் தவிர.